ஐந்தாம் ஊரின் வியாழக்கிழமை

ஜனவரி 19, திங்கள்

நான்காம் ஊரிலிருந்து ஒரு கடிதம். "அக்கா, தொண்டை கரகரன்னு இருக்கு. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க. கேக்கற எங்களுக்கே வலிக்குது." எனக்கு ஜலதோஷம் விட்டுப் பத்து நாளாகிறது!

என்றைக்காவது இந்த நோட்டைக் கிழவியாகி எடுத்துப் படித்தால் எனக்கே புரியாது. அதனால் எழுதி வைக்கிறேன். எங்கள் சபையின் வானொலியில் நான் பேசுவது எங்கள் ஊரிலும், மலைமேல் இருக்கிற இரண்டாம் ஊரிலும் அந்த நொடியே கேட்கும். மற்ற மூன்று ஊர்களுக்கும் இணைப்பு கிடையாது. ஒரு வாரத்து நிகழ்ச்சிகளை எங்கள் பொறியாளர் சி.டி.களில் ஏற்றி, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கித் திங்கட்கிழமை பேருந்தில் அனுப்புவான். மூன்றாம் ஊர் அதை ஒரு வாரம் கழித்து ஒலிபரப்பும். பிறகு அதே பெட்டி நான்காம் ஊருக்கு. அங்கே முடித்து ஐந்தாம் ஊருக்கு. அதன்பின் வீடு திரும்பும்.

ஆக, இன்று மூன்றாம் ஊரில் பேசுவது போன வாரத்து நான். ஐந்தாம் ஊரில் மூன்று வாரம் இளையவள். நாற்பத்தாறு வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் சேர்ந்தபோது இருந்தது ஒரே ஒரு அறை. ஆலயத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைக்கிற இடம். எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம். இப்போது ஏழு அறைகள், பதினொரு பேர். நடைவழியில் பெரிய வரைபடம், அதில் ஐந்து சிவப்பு ஊசிகள். இயக்குநர் ஐயா தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்பார். ஆறாவது ஊசி எங்கே குத்தலாம் என்று பார்க்கிறார் போலிருக்கிறது.

எங்கள் ஊரைத் தவிர மற்ற நான்கில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் ஒலிப்பதிவு அறையில் கதவைச் சாத்தியதும் எல்லாம் தெரிகிறது. ஐந்தாம் ஊரில் ஒரு சமையலறை, ஜன்னலோரம் ஒரு பச்சை வாளி, அடுப்புப் பக்கம் ஒருத்தி. அவளைப் பார்த்துத்தான் பேசுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

ஜனவரி 22, வியாழன்

இன்று ஐந்தாம் ஊரில் எனக்குத் தும்மல் வரும். சரியாக ஆறு நாற்பதுக்கு.

பிப்ரவரி 3, செவ்வாய்

லாரியில் ஒரு ராட்சத டிஷ் வந்து இறங்கியது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து கொக்கு போட்ட ஆட்டத்தைப் பார்க்கணுமே! (கொக்கு என்பது பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர். ஆறடிக்கு மேல் உயரம். ஏணியில்கூட ஒற்றைக்காலில்தான் நிற்பான்.) ஐந்து ஊருக்கும் இதே மாதிரி ஒவ்வொன்று. இனிமேல் பெட்டி, பேருந்து எதுவும் வேண்டாம்.

ஐயா எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "மார்ச் பன்னிரண்டுல இருந்து அஞ்சு ஊருக்கும் ஒரே நேரம், காலையில ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் ஒரே குரல். யார் குரல்னு ஜெபம் பண்ணி முடிவெடுப்போம்" என்றார். இப்போது என்னுடையது அரை மணி நேர ஜெப விண்ணப்ப நேரம் மட்டும். மீதியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

எனக்கு வேண்டும். இதோ எழுதிவிட்டேன். ஊழியத்தில் இருப்பவள் இப்படி ஆசைப்படலாமா? வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல் செட் செய்கிறவர். கையில் இருந்த கீழ்வரிசைப் பல்லை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "நீ ஏற்கெனவே மேகத்துலதான் நடக்கிற. இனி கயிறு கட்டித்தான் இழுக்கணும்" என்றார். இனி வீட்டில் என் பெயர் மேகம்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

விண்ணப்ப நேரத்துக்கு வரும் விண்ணப்பங்களைப் பெரும்பாலும் தொலைபேசியில்தான் சொல்வார்கள். எடுத்து எழுதுவது தொலைபேசி அக்கா. பெயர் சொல்லி வாசிப்பது இல்லை என்பது எங்கள் சட்டம். ஆரம்பத்தில் ஒருமுறை பெயரோடு வாசித்து, ஒரு பெண்ணின் வியாதி கல்யாணம் பேசுகிற வீட்டுக்கே தெரிந்து போய் ஏகப்பட்ட ரகளை. அதிலிருந்து தொழிலும் துன்பமும் மட்டும்தான். 'ஒரு கொத்தனார், முதுகுவலி.' 'ஒரு ஆசிரியை, குழந்தை இல்லை.' கேட்கிறவர்கள் யாரென்று தெரியாமலே அவரவர் வீட்டிலிருந்து ஆமென் சொல்வார்கள். குணமானாலும் காலமானாலும் வீட்டார் தகவல் சொல்லவேண்டும். அக்கா எழுதித் தரும் சீட்டைத் திங்களுக்குள் நான் கொண்டுபோய்க் கொடுத்தால் கொக்கு அந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் பெட்டியை அனுப்புவான்.

இன்று ஒருத்தி நேரிலேயே வந்தாள். சலவைக் கடையில் வேலை. கைவிரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. நாற்பது வயதிருக்கும். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை இருதயத்தில் அறுவை சிகிச்சை.

"ஐம்பத்திரண்டு பிள்ளைங்க அவர் காதுக்குப் பின்னாடி கத்துங்க அக்கா. ஒரு நாள் கத்தலைன்னா மனுஷனுக்கு ஓடாது. இப்ப ஆஸ்பத்திரியில சத்தமே இல்லைன்னு புலம்புறார்."

"எங்க நிகழ்ச்சியைக் கேக்கறதுண்டா?"

"தினமும். யாருக்குன்னு தெரியாட்டியும் எல்லாத்துக்கும் ஆமென் போட்டுடுவேன். இந்தத் தடவை எனக்கும் கொஞ்சம் போடுவாங்கல்ல?"

பிப்ரவரி 12, வியாழன்

வாசித்தேன். "பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு சகோதரருக்காக. நாளை அவருக்கு அறுவை சிகிச்சை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் எழுந்து வந்து தம் இருக்கையில் உட்காரும்படி ஜெபிப்போம்." கண்ணை மூடியபோது அந்தப் பேருந்து தெரிந்தது. காலி இருக்கை, திறந்த கதவு, காலை வெயில். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மௌனமாக இருந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொக்கு கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினான்.

பிப்ரவரி 14, சனி

நான்தான்! நான்தான்! நான்தான்!

ஐயா கூப்பிட்டு, "சிஸ்டர், அந்தக் காலை நேரம் உங்களுக்குத்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. வெளியே வந்து வரைபடத்தின் முன்னால் நின்றேன். ஐந்து ஊசிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பச்சை வாளிக்காரியிடம் இனிமேல் மூன்று வாரம் காத்திருக்காமல் பேசலாம். நான் தும்மினால் அவளுக்கும் அந்த நொடியே கேட்கும்.

தொலைபேசி அக்கா பின்னாலேயே வந்து ஏதோ சீட்டுக் கொடுத்தாள். கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று தெரியவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

பெட்டியை நானே பேருந்தில் ஏற்றிவிட்டேன். இன்னும் சில பெட்டிகள்தான். தகரத்தைத் தட்டி, போய் வா என்றேன். ஓட்டுநர் ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 21, சனி

எப்படி எழுதுவது? எங்கே ஆரம்பிப்பது?

சலவைக் கடைக்காரி மறுபடி வந்தாள். பார்த்ததும், "வாங்க வாங்க, அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டேன். வாய் நிறையச் சிரிப்போடு கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "போயிட்டாரே அக்கா. அன்னைக்கே. மேஜையிலேயே. நாங்க போன் பண்ணிச் சொன்னோமே" என்றாள்.

பைக்குள் கையை விட்டேன். சீட்டு இருந்தது. உள்ளேயே விரித்தேன். தொலைபேசி அக்காவின் குண்டு குண்டு எழுத்து. 'பேருந்து ஓட்டுநர். வெள்ளி மாலை காலமானார். நீக்கவும்.' ஒரு வாரமாகச் சீப்புக்கும் சாவிக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன். அவள் திட்டவில்லை.

கணவரின் கைக்கடிகாரத்தை அவருடைய அக்காவிடம் கொடுக்க மூன்றாம் ஊருக்குப் போயிருக்கிறாள். வியாழன் காலை, நாத்தனார் வீட்டுச் சமையலறையில் வானொலி. என் குரல். அவர் எழுந்து வந்து தம் இருக்கையில் உட்காரும்படி—

"எனக்குக் கை கால் ஓடல அக்கா. நாத்தனார் ஓடிப் போய் நிறுத்தப் பாத்தாங்க. நான்தான் விடல. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா சத்தமா ஆமென்னு சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியாதுல்ல? அவங்களைப் பொறுத்தவரைக்கும் அவர் ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். நல்லாயிடுவார். அந்த ஊர் முழுக்க அப்படித்தானே நினைச்சிருப்பாங்க? அந்த அஞ்சு நிமிஷம் அவர் இருந்தார் அக்கா."

கையை வெளியே எடுத்துப் பையை மூடினேன்.

"அடுத்து எந்த ஊர்ல வரும்?" என்று கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தப்பு நடந்துவிட்டது, நிறுத்திவிடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "வர்ற வியாழன் நாலாம் ஊர்ல. அதுக்கு அடுத்த வியாழன் அஞ்சாம் ஊர்ல. அங்க நம்ம ரேடியோ நிலையத்துலயே போய் உக்காந்துக்கலாம், பொறுப்பாளர் நல்ல மனுஷர்." ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொன்னேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனையில் உட்கார முடியவில்லை. எல்லோரும் பாடுகிறார்கள், நான் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறேன்.

ஐயாவிடம் சொன்னால் உடனே நான்காம் ஊருக்குத் தொலைபேசி போகும். வெட்டிவிடுவார்கள். அவளுடைய ஐந்து நிமிடம் போய்விடும். என் காலை நேரமும் போய்விடும். ஒரு சீட்டைக்கூட ஒழுங்காகப் பார்க்காதவளுக்கு ஐந்து ஊரை யார் கொடுப்பார்கள்? நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்காகவா எனக்காகவா? அவளுக்காக என்று சொல்லிக்கொள்ளச் சௌகரியமாக இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "சொல்லிடு. ஆனா எதுக்காகச் சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லு" என்றார்.

பிப்ரவரி 26, வியாழன்

இன்று நான்காம் ஊரில் அவர் உயிரோடு இருந்தார். ஆறு ஐம்பத்திரண்டிலிருந்து ஆறு ஐம்பத்தேழு வரை.

பிப்ரவரி 28, சனி

வந்துவிட்டாள், கதை சொல்ல. முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தையல் கடை, அங்கே வானொலி. கடைக்காரரிடம், கொஞ்ச நேரம் நிழலுக்கு உட்காரட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

"அவர் விண்ணப்பம் வந்ததும் தையல்காரர் மிஷினை நிறுத்திட்டார் அக்கா. கண்ணை மூடி, கையில துணியோட அப்படியே நின்னார். முடிஞ்சதும் என்னைப் பாத்து, டிரைவர் வேலை கஷ்டம்மா, கர்த்தர் எழுப்பி விடணும்னார். ஆமா அண்ணேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் கிட்டத்தட்ட சிரிப்பு வந்தது. இருவரும் ஏதோ திருட்டு மாங்காய் தின்றவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

கிளம்பும்போது நடைவழி வரைபடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆறாவது ஊர் எப்ப அக்கா ஆரம்பிப்பீங்க?"

அப்போதுதான் புரிந்தது. நான் அவளுக்கு உதவி செய்துகொண்டிருக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

கொக்கு வேலையை வேகமாக முடித்துத் தொலைத்துவிட்டான். ஐந்து ஊரிலும் டிஷ் தயார். ஐயா முகமெல்லாம் மலர்ச்சி. "எதுக்கு இன்னும் பத்து நாள்? இந்த வியாழனே ஆரம்பிச்சிடுவோம்!" எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்த வியாழன். ஐந்தாம் தேதி. ஐந்தாம் ஊரில் அன்றைக்குத்தான் அவருடைய சி.டி. ஓடவேண்டும். இனி ஓடாது. அவள் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். அவர் வரமாட்டார்.

மார்ச் 3, செவ்வாய்

நேரே சலவைக் கடைக்குப் போனேன். ஆவிக்கும் சோப்பு வாசனைக்கும் நடுவில் முதலாளியம்மா: "அவ நேத்தே லீவு போட்டுட்டுப் போயிட்டாளே. நாத்தனார் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு அப்படியே அஞ்சாம் ஊருக்குன்னா." நாத்தனார் வீட்டில் தொலைபேசி இல்லை. தெரு பெயரும் எனக்குத் தெரியாது.

கொக்குவிடம் மட்டும் சொன்னேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இவ்ளோதானே அக்கா? அஞ்சாம் ஊர்ல ஒரு வயரை லேசா லூஸ் பண்ணச் சொல்லிடறேன். ஒரு நாள் சி.டி.யிலயே ஓடட்டும். முதல் நாள் கோளாறுன்னா யாரு கேக்கப் போறா?" அவ்வளவு சுலபம். சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அப்புறம் அந்த ஆறாவது ஊர் ஞாபகம் வந்தது. வேண்டாம்டா என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு ஐயாவின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டை மேஜைமேல் வைத்தேன். சீப்பின் பல் பட்டு ஓரம் கிழிந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நாம செத்தவங்களுக்காக ஜெபிக்கிறவங்க இல்ல சிஸ்டர். நீங்க வாசிச்ச அன்னைக்கு அது ஜெபம். இப்ப அது என்ன? நீங்களே சொல்லுங்க."

"நான் அஞ்சாம் ஊருக்குப் போகணும் ஐயா. அந்தம்மா தனியா உக்காந்திருப்பாங்க" என்றேன்.

"வியாழக்கிழமையா?"

"வியாழக்கிழமைதான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் நாள் எந்தக் குரல் கேக்குதோ அதுதான் ஜனங்க மனசுல நிக்கும். நாள் ஒரு குரலா மாத்த முடியாது. யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

யோசித்துப் பேசவில்லை. யோசித்திருந்தால் பேசியிருக்க மாட்டேன். "தொலைபேசி அக்கா வாசிக்கட்டும் ஐயா. அவங்க எழுத்து அவங்களுக்குத்தான் நல்லாப் புரியும்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது, காதால் கேட்டேன்.

மார்ச் 4, புதன்

வியாழக்கிழமைப் பட்டியலை எழுதி அக்காவிடம் கொடுத்தேன். பதினொரு விண்ணப்பம். அதில் ஒன்று யாரும் கேட்காதது, நானே சேர்த்தது. அக்கா அதைத் திருப்பி என்னிடமே நீட்டினாள். "எனக்கு ஹலோ சொல்லத்தான்டி தெரியும்" என்றாள். "அப்ப ஹலோன்னே ஆரம்பி" என்றேன். கழிவறைக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். மேகம் என்று கூப்பிடவில்லை.

எட்டு மணி நேரம். ஜன்னலோரம். பெட்டி போகிற வழியிலேயே நானும் போகிறேன். மூன்றாம் ஊர் வந்தது. நான் நினைத்தது சிவப்பு ஓட்டு வீடுகள். இருந்தது சிமென்ட் ஆலை, சாம்பல் படிந்த மரங்கள். நான்காம் ஊரில் அந்தத் தையல் கடையைப் பார்த்தேன், பூட்டியிருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாரம் பின்னால் போவதுபோல இருந்தது. இப்படியே போனால் ஐந்தாம் ஊரில் இன்னும் பிப்ரவரி பதினொன்றாகத்தான் இருக்கும். சீட்டு இன்னும் எழுதப்பட்டிருக்காது. அவருக்கு நாளை மறுநாள்தான் அறுவை சிகிச்சை. அவளை மட்டும் சொல்வானேன், எனக்கும் இது பிடிக்கத்தான் செய்தது.

வெயில் சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். ஐந்தாம் நிலையம் என்பது சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். என் குரலைக் கேட்டதும், "அட, நீங்களா! குரலை வச்சு ஒல்லியா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

அவள் அங்கேயே இருந்தாள், தபால்காரர் மனைவிக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டு. மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு அவர் வரமாட்டார் என்று சொன்னேன். பைக்குள் கிடந்த சீட்டைப் பற்றியும் சொன்னேன்.

"அந்தச் சீட்டை நீங்க பாத்திருந்தா?"

"வெட்டியிருப்போம். எந்த ஊர்லயும் வந்திருக்காது."

"அப்ப பாக்காததே நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு மேலே அந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த சி.டி. இங்கதானே இருக்கு?"

"இருக்கு. மிஷின்ல போட்டு உங்களுக்கு மட்டும் கேக்க வைக்கலாம்."

தலையை ஆட்டினாள். "எனக்கு மட்டும் கேட்டு என்ன அக்கா பிரயோஜனம்? நாலு பேர் நம்பணும்."

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சேலை கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பை மடியில். "வந்தது வந்துட்டோம், கேட்டுட்டே போவோம்" என்றாள். சி.டி. இயந்திரத்தின் மேல் தபால்காரர் ஒரு துண்டைப் போர்த்தி ஓரமாக நகர்த்தியிருந்தார்.

ஆறு மணி. முதலில் ஒரு இரைச்சல். பிறகு தொலைபேசி அக்கா: "ஹலோ, வணக்கம்." நிஜமாகவே ஹலோ சொல்லிவிட்டாள்! தபால்காரர், "வணக்கம்மா" என்று பதில் சொன்னார். ஜன்னல் வழியாகக் கேட்டேன், எதிர் வீட்டிலும் அதே ஹலோ. ஐந்து ஊரிலும் அதே ஹலோ. உடம்பு சிலிர்த்தது. பத்து நிமிடத்தில் அக்காவுக்குத் தடுமாற்றம் போய்விட்டது. நிதானமான குரல், தெரிந்தவர் வீட்டுக்கு வந்து பேசுவதுபோல. என்னைவிட நன்றாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

ஆறரை. விண்ணப்ப நேரம். ஒரு கட்டடத் தொழிலாளி, கண் பார்வை. ஆமென் என்றாள் இவள், பழக்க தோஷத்தில். ஒரு மாணவி, தேர்வு பயம். ஆமென். ஒரு மீன் வியாபாரி, பிரிந்து போன தம்பி. ஆமென். அவள் காது மட்டும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பள்ளி என்றோ பேருந்து என்றோ ஒரு வார்த்தை தவறி வந்துவிடாதா என்று. நான் அவளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துணி துவைத்து இஸ்திரி போடும் ஒரு சகோதரிக்காக" என்றாள் அக்கா. "கணவர் காலமாகி மூன்று வாரம் ஆகிறது. சகோதரிக்கு ஆறுதலும் நல்ல தூக்கமும் கிடைக்கும்படி ஜெபிப்போம்."

"ஆமென்" என்றாள். உச்சுக்கொட்டி, "நம்ம வேலைதான். பாவம், எந்த ஊரோ?" என்றாள் என்னிடம்.

அக்கா அடுத்த விண்ணப்பத்துக்குப் போனாள். ஒரு காவலாளி, மூட்டுவலி. தபால்காரர் மட்டும் ஆமென் சொன்னார். அதற்கடுத்ததுக்கும் அவர் மட்டும்தான்.

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"ம்."

"அது நான்தானே?"

"ஆமா. உங்களைக் கேக்காம எழுதிட்டேன்."

"ஆமென் சொல்லிட்டேனே" என்றாள். "நானே சொல்லிட்டேனே அக்கா."

பிறகு அழுதாள். மூன்று வாரத்தில் என் முன்னால் அவள் அழுதது இதுதான் முதல் தடவை. பை மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன், எனக்கும் நிற்கவில்லை. தபால்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு டீ வாங்கக் கீழே இறங்கினார். எதிர் வீட்டில் வானொலி தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வாங்கி வந்த டீ ஆறிப்போனது. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டாள். பத்து மணிக்கு என்றேன்.

"வீட்டுல அவர் சட்டை ரெண்டு அழுக்கா கிடக்கு அக்கா, கொடியில. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறேன், அதை மட்டும் தொடல. போய்த் துவைச்சுப் போடணும்."

பத்து மணி வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான்காம் ஊர் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.